இருபத்தைந்து கட்டங்கள்

பையைத் துழாவிப் பார்க்காமல் எந்தத் துணியையும் நான் மெஷினில் போட்டதில்லை. சாவி, சீப்பு, மாத்திரை, ஒருமுறை ஒரு பல்செட். எல்லாவற்றையும் எடுத்து ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்துவிடுவேன். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பொருள்கூடத் தொலைந்ததில்லை. டெப்போவில் யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

சாலை பழுதுபார்க்கும் டெப்போ அது. சலவை அறை என் பொறுப்பு. இரண்டு மெஷின், ஒரு இஸ்திரி மேசை, சுவருக்குச் சுவர் கொடி. இரவு வேலைக்குப் போகிறவர்களின் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டுகள் நாற்பது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஓர் ஆள். வாரம் ஒருமுறை துவைப்பேன்.

அதில் ஓடும் வெள்ளிப் பட்டைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. மாவு போலப் பொடியான கண்ணாடி மணிகளை அதில் ஒட்டியிருப்பார்கள். வண்டி போடும் வெளிச்சத்தை அவை வண்டிக்கே திருப்பி அனுப்பும். ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம் மணி உதிரும். பகலில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. போட்டிருப்பவனுக்கு இரவிலும் தெரியாது. எதிரே வருகிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

கழுத்துக்குள் ஒரு லேபிள் இருக்கும். அதில் இருபத்தைந்து சின்னக் கட்டங்கள். ஒரு துவைப்புக்கு ஒரு கட்டத்தில் கோடு போட வேண்டும். கட்டம் தீர்ந்தால் ஜாக்கெட் தீர்ந்தது. நான் கோடு போட்டேன். எங்கள் டெப்போவில் அந்த லேபிளைப் படித்தவன் நான் ஒருவன்தான்.

நாற்பதுக்கும் கட்டங்கள் தீர்ந்ததும் ஸ்டோர்கீப்பரிடம் போனேன். புது ஜாக்கெட்டுகள் அவர் பீரோவில் இருந்தன. நானே பார்த்திருக்கிறேன், பாலித்தீன் உறைகூடப் பிரிக்காமல். மேலதிகாரிகள் வரும் நாளில் வெளியே வரும், அவர்கள் போனதும் உள்ளே போய்விடும்.

அவர் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தார். போன் டார்ச்சை என் கையிலிருந்த ஜாக்கெட்டின் மேல் அடித்தார்.

"பாரு, கண்ணைப் பறிக்குது. இதுக்கு என்ன கேடு?"

"லேபிள்ல இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கு சார்."

"லேபிளையா ரோட்டுல பாக்கப் போறான்? போப்பா இருபத்தஞ்சு, போய் வேலையைப் பாரு."

அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். கேன்டீனில் தட்டை நீட்டினால், "இருபத்தஞ்சுக்குக் கொஞ்சம் குழம்பு ஊத்துங்கப்பா" என்பார்கள். குளித்துவிட்டு வந்தால், "இது எத்தனையாவது குளியல்? தோல் உதிர்ந்துடப் போவுது, பாத்து" என்பார்கள். நான் சிரித்துவிட்டுப் போவேன். கட்டங்கள் தீர்ந்த பிறகும் லேபிளின் பின்பக்கம் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன், ஒரு நோட்டிலும் குறித்துவைத்தேன். முப்பது. நாற்பது. ஐம்பது. புது ஜாக்கெட் கேட்டுப் பதினோரு கடிதம் எழுதினேன். ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. ஒரு கடிதத்தை மடித்து ஸ்டோர் மேசையின் ஆடும் காலுக்கு அடியில் வைத்திருந்ததைப் பார்த்தேன். மேசை ஆடவில்லை. அந்த அளவுக்கு அது பயன்பட்டது.

மேனேஜர் பரவாயில்லை, உட்காரச் சொன்னார். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அரை வருஷத்துக்கு மேலா இதையே சொல்றீங்க. இதனால இதுவரைக்கும் யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நியாயமான கேள்வி என்றுதான் பட்டது. இதுவரைக்கும் யாருக்கும் எதுவும் ஆகவில்லைதான்.

கூம்புக்காரரைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்கு இருநூறு மீட்டர் முன்னால் தனியாகப் போய், வண்டிகளை எச்சரிக்கும் கூம்புகளைச் சாலையில் வரிசையாக வைப்பது அவர் வேலை. முதல் கூம்பை வைக்கும்வரை சாலையில் இருக்கிற ஒரே அடையாளம் அவர் முதுகுதான். என்னை அவர் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஜாக்கெட்டைக் கொடுக்கும்போது பைகளை வெளியே இழுத்துவிட்டுத்தான் கொடுப்பார், எனக்கு வேலை மிச்சமாகட்டும் என்று. வாங்கும்போது கேட்பார்.

"அண்ணே, இது எத்தனை?"

"அறுபது."

"உங்களை நம்பித்தான் அண்ணே ரோட்டுல குனியறேன். நீங்க பாட்டுக்கு எண்ணிக்கிட்டே இருந்தா எப்படி? ஏதாவது பண்ணுங்க."

பண்ணுகிறேன் என்றேன்.

நாற்பது பேரில் ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டீர்கள். இதை நான் அவசரப்பட்டு முடிவு செய்யவில்லை. தார் போடுகிறவன் குடிப்பான். அவனுக்கு ஏதாவது ஆனால் குடி என்பார்கள். ரோலர் டிரைவர் போனில் பேசிக்கொண்டே நடப்பான், போன் என்பார்கள். இன்னும் இரண்டு பேர் ஜாக்கெட்டைத் திறந்துவிட்டுத் திரிகிறவர்கள். நாற்பது பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ஜாக்கெட்டைத் தவிர வேறு எதன்மேலும் பழி போட முடியாத ஆள் ஒருவர்தான் இருந்தார். ஜாக்கெட்டைக் கழுத்துவரை மூடியிருப்பார். தண்ணீரைத் தவிர எதுவும் குடிக்க மாட்டார். வேலைக்குப் போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிடுவார். அவரைவிடச் சுமாரான ஆள் கிடைத்திருந்தால் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

அவர் ஜாக்கெட்டை மட்டும் தனியாக எடுத்தேன். மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். பட்டையின் மேல் மட்டும் பிளீச் ஊற்றி, பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்தேன். துணியில் படாமல் பார்த்துக்கொண்டேன். பிறகு நல்ல சூட்டில் இஸ்திரி போட்டேன். கதவைச் சாத்தி டார்ச் அடித்தால் சாம்பல் நிறத்தில் கிடந்தது. கதவைத் திறந்தால் பழையபடி வெள்ளியாக இருந்தது. இன்னும் சில மாதத்தில் தானாக நடக்கப்போவதைத்தான் நான் கொஞ்சம் முன்னால் நடத்தினேன். அதற்குமேல் எதுவும் செய்யவில்லை.

சாயங்காலம் வந்தார்.

"இது எத்தனை அண்ணே?"

"அறுபத்தி நாலு."

அது உண்மை. அவரிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

நான்காவது நாள் காலையில் நான் போனபோது வாசலில் கூட்டம். முதல் கூம்பு கையில் இருக்கும்போதே லாரி அடித்துவிட்டது என்றார்கள். என் அறைக்குப் போய் மெஷினைப் போட்டேன். அன்றைக்கு மீதி ஜாக்கெட்டுகளின் முறை.

அதே வாரத்தில் பீரோ திறந்தது. புது ஜாக்கெட்டுகள், முப்பத்தொன்பது. ஸ்டோர்கீப்பர் தன் கையாலேயே கொடுத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. கேன்டீனில் யாரும் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கூம்புக்காரரின் மனைவி அவருடைய சாமான்களை வாங்க வந்தார். "உங்களைப் பத்தி வீட்டுல பேசுவாரு அண்ணா. அந்த டெப்போல எங்க உசுர் மேல அக்கறை உள்ளவர் அவர் ஒருத்தர்தான்னு" என்றார். அவர் சொன்னது சரிதான்.

விசாரணை அறிக்கை வந்தபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. லாரி டிரைவர் தூங்கிவிட்டாராம். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "ஆள் இருந்ததே தெரியல சார்" என்று சொல்லியிருக்கிறார். நடந்ததைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவரை உள்ளே வைத்துவிட்டார்கள். நான்கு பக்க அறிக்கையில் ஜாக்கெட் என்ற வார்த்தையே இல்லை. புது ஜாக்கெட் கொடுத்தது அனுதாபத்துக்காகவாம். மேனேஜர் அப்படித்தான் பேசினார். இருபத்தைந்து துவைப்பு முடிந்த பிறகும் யாரும் லேபிளைப் படிக்காமல் இவையும் ஓடத்தான் போகின்றன. அப்படியென்றால் அந்த மனுஷன் செத்தது எதற்கு?

அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். நோட்டைக் கொடுத்தேன். கடிதங்களின் நகலைக் கொடுத்தேன். அவர் ஜாக்கெட்டையும் மீதிப் பழைய ஜாக்கெட்டுகளையும் சோதிக்கச் சொன்னதே நான்தான். பட்டையில் நார்க் கீறல் இருப்பதைக் கண்டுபிடித்து, இது யார் வேலை என்று கேட்டீர்கள். என் வேலைதான். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் நேற்று நீங்கள் காட்டிய இன்னொரு தாளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மீதி முப்பத்தொன்பது பழைய ஜாக்கெட்டுகளும் சோதனையில் தேறிவிட்டன, பட்டை நன்றாகவே இருக்கிறது, இன்னும் ஒரு வருஷம் தாராளமாகப் போடலாம் என்று அதில் எழுதியிருந்தது. இரண்டுமுறை படித்தேன். நீங்களும் அந்தத் தாளைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

சோதித்தவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்களாக இருக்கலாம். அவர்கள் பட்டையைத்தான் பார்த்திருக்கிறார்கள். கழுத்துக்குள் லேபிள் இருக்கிறது. அதை எடுத்து எண்ணச் சொல்லுங்கள்.