கீழ்வீட்டு ஆந்தை

இல்லைத் தம்பி, வாடகைக் காசு கேக்க வரேல்லை. உந்த லப்ரொப் கொம்பியூட்டரை ஒருக்கா மூடும் பரணி, இருந்து கதைப்பம்.

ஓம், முதலே சொன்னனீர். நிக்கோபார்த் தீவுக்காட்டில மட்டும் இருக்கிற சின்ன ஆந்தை, உலகத்தில வேறெங்கையும் இல்லை. அதின்ர குரலைப் பதிஞ்சு கொண்டுவந்து படிக்கிறீர். நல்ல படிப்புத்தான். ஆனா பாரும், அதே கடலின்ர மற்றக் கரையில, முள்ளிவாய்க்கால்ல, எங்கட சனத்தை ஆமிக்காரர் குவிச்சு வைச்சு அடிச்சவங்கள். போன கிழமை சண்டை முடிஞ்சிட்டுதாம். எத்தினை பேர் செத்தது எண்டு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. உம்மட குருவியை எண்ண ஆள் போகுது, கமரா போகுது. எங்களை ஒரு நாயும் எட்டிப் பாக்கேல்லை.

கோவிக்காதையும். உம்மைச் சொல்லேல்லை, வயித்தெரிச்சல்.

விசயம், மேல இருக்கிற என்ர மனுசி. நீர் உந்த ஆந்தைக் குரலைப் போட, ஹீற்றர் ஓட்டையால சத்தம் நேர எங்கட அறைக்கு வருது. ஆந்தை வீட்டடியில கத்தினா சாவு எண்டுதான் எங்கட பக்கம். உங்கட ஊரிலயும் அப்பிடியே? அப்ப விளங்கும். இண்டைக்குக் காலமை இவ நைற்றியோட பின்வளவில நிண்டு மேப்பிள் மரத்துக்குக் கல்லெறியிறா. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி பாத்துக்கொண்டு நிக்கிறாள். அது கொம்பியூட்டரப்பா எண்டன். எதுக்குள்ள இருந்து கத்தினாலும் ஆந்தை ஆந்தைதானாம்.

சிரிக்காதையும் தம்பி.

இவவின்ர தம்பி அன்புராசா, முள்ளிவாய்க்கால்ல இருந்து கடைசியா ஃபோன் எடுக்கேக்க பின்னால ஒரு ஆந்தை கத்தினது. எனக்கும் கேட்டது. முதல்ல அதைக் கலைச்சுப்போட்டு வாடா, பிறகு கதைப்பம் எண்டு இவ ஒற்றைக்கால்ல நிண்டவ. அவன் அக்கா சொல்லுத் தட்டமாட்டான். போனான். லைன் கட்டாச்சு.

ஆந்தையைக் கலைச்சாச்சு, இனி அவனுக்கு ஒண்டும் நடவாது, அகதிக் காம்பில இருப்பான் எண்டு இவ நம்பிக்கொண்டிருக்கிறா. தான்தான் காப்பாத்தினதாம். நேற்றும் பிளாசாவில அவனுக்கு உடுக்க ரெண்டு சேட்டு வாங்கினவ. என்னெண்டு நான் வாய் திறக்கிறது, சொல்லும்?

சரி, இனி ஹெட்ஃபோன் போட்டுக் கேளும், என்ன. நான் வாறன்.

ஓ, அவனுக்கு என்ன நடந்தது எண்டோ? அவனோட இருந்த பெடியன் ஒருத்தன் நேற்று என்ர வேலையிடத்துக்கு ஃபோன் எடுத்தவன். ஆந்தையைக் கலைக்க அவன் பங்கர்க் குழியால வெளியில வந்த இடத்திலதான் ஷெல் விழுந்ததாம். உள்ளுக்க இருந்த ஆக்கள் எல்லாரும் தப்பிட்டினம்.