மூடி சரியாகத்தான் இருந்தது

பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகும்போது 'டிக் டிக்' என்று சத்தம் வரும்வரை திருக வேண்டும், மருமகளே. பாதிப் பேர் அரைகுறையாகத் திருகிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். யாருக்கும் பொறுமை இல்லை. எனக்கு உண்டு. உன் அப்பா மாடியில் மதியத் தூக்கம் போடும் நேரமாகப் பார்த்து, கதவைச் சாத்திவிட்டு, "மாமா, எங்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்கிறாய். சொல்கிறேன். காபியைக் குடித்துக்கொண்டே கேள். மறைக்கிற அளவுக்கு இதில் என்ன இருக்கிறது.

உன் அப்பா எனக்கு மச்சினன், உன் அத்தைக்குத் தம்பி, இந்த வீட்டுக்கு மாடிப் போர்ஷன். உன் அம்மா போன பிறகு சாப்பாட்டுக்கு மட்டும் கீழே வருகிறான் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பல் துலக்கவே இங்கேதான் வருவான். மேலே குழாயில் தண்ணீர் வரவில்லை என்பான். வரும். நான் திறந்து பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, வரவில்லை என்று நானும் சொல்லிவிட்டேன்.

நீ உண்டாகியிருக்கிறாய் என்று போன் வந்ததும் அவன் ஒரு பழைய லிப்டின் மரக்கதவை வாங்கி வந்து அறுக்க ஆரம்பித்தான். வேலை பார்த்த காலமெல்லாம் லிப்ட் ரிப்பேர் செய்தவன் அல்லவா, தொட்டிலுக்குக்கூட அந்த மரம்தான் தோன்றியிருக்கிறது. வழவழவென்று இழைத்து முடித்துவிட்டுச் சொன்னான்: "இனிமே மக வீட்டோடதான் அத்தான். தொட்டிலைக் கார் மேல கட்டிக்கிட்டு நானே ஓட்டிட்டுப் போயிடுறேன்."

"நல்லது மாப்பிள்ளை," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

முதல் தடவை அவன் காரில் அந்த மஞ்சள் விளக்கு தானாகத்தான் எரிந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை. என்ஜின் படம் போட்ட அந்தச் சின்ன விளக்கைப் பார்த்ததும் உன் அப்பா பயணத்தைத் தள்ளி வைத்தான். வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்கிற ஸ்கேனர் ஒன்றை வாங்கி ஸ்டீயரிங்குக்கு அடியில் சொருகினான். பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறது என்று அது சொன்னது. உட்கார்ந்துவிட்டால் எழ முழங்கால் வலிக்கும் அவனுக்கு, அதனால் சீட்டில் இருந்தபடியே குரல் கொடுத்தான்: "அத்தான், மூடியைக் கொஞ்சம் பாருங்க. அது உங்க டிபார்ட்மென்ட்."

உண்மைதான். மருந்துக் கம்பெனியில் பாட்டில் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். ரிட்டயர் ஆகும் வரை என் கையைத் தாண்டி ஒரு சொட்டு மருந்து கசிந்ததில்லை. போய்ப் பார்த்தேன். பெட்ரோல் போட்டவன் சரியாகத் திருகவில்லை. திருகினேன். ஆனாலும் விளக்கு உடனே அணைவதில்லை; வண்டி சில நாள் ஓடி, தனக்குள்ளேயே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் அணைக்கிறது. அந்தச் சில நாளும் உன் அப்பா என் பக்கத்திலேயே இருந்தான். ஆளுக்கொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, திறந்த பானட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். நல்ல வெயில். ஒரு மூடி இத்தனை செய்யும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு உன் அத்தையின் தையல் டப்பாவிலிருந்து கொஞ்சம் நூல் எடுத்தேன். மூடியின் உட்பக்கத்தில் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். அதன் மேல் குறுக்காக ஒரு கறுப்பு நூலைப் படுக்க வைத்துவிட்டு மூடினால், 'டிக் டிக்' என்று சத்தமும் வரும், ஆவியும் போகும். கண்ணுக்குத் தெரியாது. வண்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை. நான் எதையும் உடைக்கிறவன் இல்லை.

உன் அப்பா ஸ்கேனரை வைத்து விளக்கை அணைப்பான். பெட்டி கட்டுவான். கட்டி முடிக்கும் சமயம் விளக்கு எரியும். ஒரு வால்வை மாற்றினான். ரப்பர் குழாய்களை மாற்றினான். டேங்குக்குக் கீழே ஆவியைப் பிடித்து வைக்கிற கரி டப்பாவையும் மாற்றினான். ஒவ்வொரு தடவையும், "அத்தான், மூடி?" என்பான். "சரியா இருக்கு மாப்பிள்ளை," என்பேன்.

"நீயே ஒருதரம் இறங்கிப் பாரேன்டா," என்று உன் அத்தை சொன்னாள்.

"அத்தான் பார்த்ததை நான் மறுபடி பார்த்தா அவருக்கு என்னக்கா மரியாதை?" என்றான். அவ்வளவு நல்ல வளர்ப்பு. கடைசியில் புது மூடியே வாங்கி வந்து என் கையில் கொடுத்தான். நானே பொருத்தினேன். நூலும் புதிதுதான் போட்டேன். புது மூடிக்குப் பழைய நூலை வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பட்டறையில் கொடுத்துப் பார்க்கலாம் என்று அவனுக்கே ஒரு நாள் தோன்றியது. "தாராளமா கொடு மாப்பிள்ளை. பத்து மாடி லிப்டைப் பிரிச்சு மாட்டினவன் ஒரு பல்புக்குத் தோத்துட்டான்னு பட்டறைக்காரன் நாலு பேர்கிட்ட சொல்லிச் சிரிப்பான், அவ்வளவுதானே," என்றேன். கொடுக்கவில்லை.

"லிப்டுல மாட்டினவங்களை எல்லாம் இறக்கிவிட்ட. உன்னை யாருடா இறக்கிவிடுறது?" என்று உன் அத்தை கேட்டாள். மூன்று பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன்.

உனக்கு வலி கண்டுவிட்டது என்று மாப்பிள்ளைப் பையன் போன் செய்தபோது, உன் அப்பா பையைத் தூக்கிவிட்டான். பஸ்ஸில் ஏறினால் குடலே வெளியே வந்துவிடும் அவனுக்கு, ஆனாலும் போகிறேன் என்றான். நான் தடுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தொட்டில் எங்க தாத்தான்னு பேரன் நாளைக்குக் கேட்டா என்ன சொல்லுவ? விளக்கு ஜெயிச்சிடுச்சு, வெறுங்கையோட வந்தேன்னு சொல்லிடு." பையைக் கீழே வைத்தான். ஸ்கேனரை எடுத்தான்.

பேரன் முகத்தைப் போனில்தான் பார்த்தான். திரையில் கிரீஸ் பட்டிருந்தது. சட்டையால் துடைத்தான், இன்னும் அப்பிக்கொண்டது. "அப்படியே உங்களை உரிச்சு வெச்சிருக்கான் அத்தான், ஒரு முடி இல்ல," என்று என்னைக் கிண்டல் செய்துவிட்டு, விறுவிறுவென்று காரிடம் போய் நின்றான். கண் சிவந்திருந்தது. பெட்ரோல் ஆவி பட்டுவிட்டது என்றான். அந்த வண்டியில் ஆவி அந்த அளவுக்குக் கசியாது. எனக்குத் தெரியாதா.

பிறகு பேரன் குப்புற விழுந்தான், தவழ்ந்தான், எழுந்து நின்றான். எல்லாம் போனில். தொட்டிலில் இப்போது ஸ்பானரும் பழைய குழாய்களும் தூங்குகின்றன. நீ மாடிக்குப் போனபோது பார்த்திருப்பாய்.

ஏன் செய்தேன் என்கிறாய். அவன் நல்லதுக்குத்தான். உன் வீட்டில் நீயும் உன் புருஷனும் வேலைக்குப் போய்விடுவீர்கள். அவன் யாரோடு பேசுவான்? இங்கே ஒரு ஆள் தேவைப்படுகிறது அவனுக்கு. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. டிவி இருக்கிறது, பேப்பர் இருக்கிறது. போன மாதம் காய்ச்சல் என்று ஒரு நாள் அவன் கீழே இறங்கவே இல்லை. நிம்மதியாக ரேடியோ கேட்டேன். வேண்டுமானால் உன் அத்தையைக் கேள். பகல் முழுக்க நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டதாகச் சொல்வாள். அங்கேதான் காற்று வரும்.

சரி, நீ அழாதே. குழந்தை எழுந்துவிடப் போகிறது. நாளைக்கு அப்பாவை உன் காரிலேயே கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாய். நியாயம்தான். தொட்டிலை ஏற்ற நானே ஒரு கை கொடுக்கிறேன். இந்தா, நூல்கண்டு. நீயே வைத்துக்கொள். இனி இதைத் தொட மாட்டேன். சொன்னால் சொன்னதுதான்.

இன்னொன்று, சொல்ல மறந்துவிட்டேன். நீ வந்த நாளிலிருந்து கடை கண்ணிக்கு ஓட்டிக்கொண்டு போகிறாயே, அந்த உன் காரிலும் இன்று காலையிலிருந்து மஞ்சள் விளக்கு எரிகிறதாம். வண்டியை நிழலுக்கு நகர்த்தப் போன அப்பாதான் சொன்னான். சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் அப்படியே கிளம்பக் கூடாது, என்னவென்று பார்த்துவிடுகிறேன் என்கிறான். பார்க்கட்டும். அவசரம் ஒன்றும் இல்லையே.

மூடியா? அதைப் பற்றி நீ கவலைப்படாதே. நான் பார்த்துவிட்டேன். சரியாகத்தான் இருக்கிறது.