ஓடைக்கரையில் விட்டுப் போன பெயர்

பொழுது இறங்கிவிட்டது, ஏழு மணி இருக்கும். சிவகிரியிலிருந்து மேற்கே மலையடிவாரத்துக்குப் போகிற மண்சாலை. ஒரு பக்கம் எலுமிச்சைத் தோட்டம், மறுபக்கம் கரும்பு. ஒரு ஈ காக்கை கிடையாது. அதில் பேச்சிராஜா தன்னந்தனியாக பைக்கில் போய்க்கொண்டிருக்கிறான்...

அந்த மொபைலை யாராவது அணையுங்கள். மூஞ்சியில் வெளிச்சம் அடித்தால் எனக்குக் கதை வராது.

பேச்சிராஜா யாரென்றால், நம் முத்துமணியின் சித்தப்பா மகன். சங்கரன்கோவிலில் தறி ஓட்டுகிறான். முத்துமணி இதோ உட்கார்ந்திருக்கிறான், ஆனால் அவனிடம் ஒன்றும் கேட்காதீர்கள். எழுந்து போய்விடுவான்.

பேச்சிராஜா எதற்கு அங்கே போனான் என்று சொல்வதற்கு முன்னால் மலையைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்கல் மொட்டை என்று ஒரு சிகரம். தேன் எடுக்கிறவர்கள்கூடப் பாதிக்கு மேல் போனதில்லையாம். முதன்முதலில் உச்சியில் ஏறியது ஒரு வெள்ளைக்கார சர்வேயர், சிவகிரிக் கூலியாட்களோடு. மேலே ஒரு கல்லை நட்டுச் சுண்ணாம்பு அடித்துவிட்டு இறங்கினார்கள். அடிவாரத்து ஓடைக்கரையில் சாப்பிட உட்கார்ந்தால்... ஒரு இலை குறைகிறது. தலையை எண்ணித்தான் காலையில் இலை அறுத்து வைத்திருந்தார்கள். முகத்தை முகம் பார்க்கிறார்கள். எல்லாம் தெரிந்த முகம். எது கூடுதல் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் ஒரு வழக்கம் வந்தது. பின்னாளில் அந்தக் கல் சாமியாகி, சித்திரா பௌர்ணமிக்கு ஊர் ஊராக ஏற ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் வனத்துறை அந்த ஒரு நாள்தான் விடுகிறது. ஓடையைத் தாண்டினால் யாருக்கும் பெயர் கிடையாது, எல்லாரும் சாமி. பெயரை இக்கரையில் விட்டுவிட்டுப் போக வேண்டும். திரும்பும்போது பெரியவர் ஒருவர் இக்கரையில் நின்று "யாரு" என்று கேட்பார். இன்னார் மகன் இன்னார் என்று அவனவன் தன் வாயால் சொல்லிவிட்டுத்தான் கரையேற வேண்டும்.

போன வருஷம் பேச்சிராஜாவோடு அவன் மச்சினன் கோமதிசங்கரும் போனான். காலேஜ் முடித்த பையன். தாயில்லாப் பிள்ளை, அக்காள் வள்ளித்தாய்தான் வளர்த்தாள். பஸ் ஏறும்போது புருஷனிடம் சொன்னாள்: "அவன் கைய விட்றாதீங்க. போன மாதிரியே எங்கிட்ட கொண்டாந்து ஒப்படைக்கணும்."

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. இறங்கும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. மூடுபனி. எட்டி நிற்கிறவன் தெரியவில்லை. ஒரு வழுக்குப் பாறையில் பேச்சிராஜா பையனின் கையை விட்டுவிட்டான்... பின்னாலேயே வருகிறான் என்றுதான் நினைத்தான்.

ஓடையில் செந்தண்ணீர் ஏறுகிறது. பொன்னுச்சாமி அண்ணாச்சி இக்கரையில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டு ஏற்றுகிறார். பேச்சிராஜாவும் சொல்லிவிட்டு ஏறிவிட்டான். கடைசியாக அவன் மச்சினன், தலையில் துண்டோடு தண்ணீரில் நிற்கிறான்.

"யாரு?"

பேச்சு இல்லை.

"சாமி, யாரு?"

நடுங்குகிறான். உதடு பிரியவில்லை. பேச்சிராஜாவுக்குப் பொண்டாட்டி சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது.

"அண்ணாச்சி, என் மச்சினன்தான். பரமசிவம் மகன் கோமதிசங்கரு. பல்லு கிட்டிப் போய் நிக்கான், ஏத்தி விடுங்க."

அவன் கரையேறினான். பொன்னுச்சாமி அண்ணாச்சி அவன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அவன் சொல்லணும்லா... நீரு ஏன்வே சொன்னீரு?" என்றார்.

பையன் வீட்டுக்கு வந்தான். அதே முகம், நெற்றியில் அதே தழும்பு. ஆனால் வாய் திறக்கவில்லை. பயந்திருக்கிறான், போகப் போகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். வள்ளித்தாய் தலையைத் துவட்டிவிடுவாள். துவட்டத் துவட்ட ஈரம். வெயில் சுட்டெரிக்கிற சித்திரையில், வீடு முழுக்கப் பாசி வாடை. ஒரு நாள் ராத்திரி புருஷனை எழுப்பி, "ஏங்க, இவன் நம்ம பயதானா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக அவளே அழுதாள்.

அந்த வாரமே பொன்னுச்சாமி அண்ணாச்சி பேச்சிராஜாவுக்குப் போன் செய்தார். "பொழுதடைய ஓடைக்கு வாரும்வே. வீட்டுல சொல்லாதயும்."

போனான். அக்கரையில் ஆள் இல்லை. குரல் மட்டும் கேட்டது. தொண்டை கட்டிப்போன குரல்.

"பரமசிவம் மகன் கோமதிசங்கரு... பரமசிவம் மகன் கோமதிசங்கரு..."

நின்று நின்று, திரும்பத் திரும்ப. கேட்பார் இல்லாமல் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பேச்சிராஜா தண்ணீரில் பாய்ந்து ஓடினான். அக்கரையில் கால் வைத்ததும் குரல் நின்றது. இக்கரைக்கு வந்தால் மறுபடியும் கேட்டது. வனக்காவலர்களோடு போய்ப் பாறை பாறையாகத் தேடினான். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

வீட்டில் ஒருத்தன் உட்கார்ந்து சோறு தின்கிறான், இங்கே ஒருத்தன் பெயரைச் சொல்லி நிற்கிறான். வள்ளித்தாயிடம் எந்த வாயால் சொல்வான்? சாயங்காலமானால் பைக்கை எடுத்துவிடுவான். நாளாக ஆகக் குரல் தேய்ந்தது. அப்பா பெயர் போயிற்று. பிறகு பாதிப் பெயர்தான் வந்தது...

நான் முதலில் சொன்னேனே, அந்தச் சாயங்காலம். பைக்கை நிறுத்தினான். ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டது.

"அத்தான்... என் பேரு என்ன அத்தான்?"

அவனால் தாங்க முடியவில்லை. தான் இன்னொருத்தனுக்குத் தூக்கிக் கொடுத்த பெயரைத் தானே திருப்பிக் கொடுத்துவிடலாம், பிள்ளை கரையேறிவிடுவான் என்று நினைத்தான். அழுதுகொண்டே அக்கரையைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டான்.

"கோமதிசங்கரு... ஏ கோமதிசங்கரு... வந்துருடே."

தண்ணீர் ஓடுகிற சத்தம். வீட்டில் அடிக்கிற அதே பாசி வாடை, மிக அருகில். பின்கழுத்தில் ஈரமாக ஒரு மூச்சு பட்டது.

"என்ன அத்தான்?"

அவன் திரும்பவில்லை. அக்கரையையேதான் பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே சருகு மிதிபடுகிற சத்தம் கேட்டது... அது மெல்ல மெல்ல மலை மேலே ஏறிப் போனது.