பத்தொன்பதாம் அத்தியாயத்தை அடுத்துத் தைத்த தாள்கள்

ஓடுகிறோம். ரங்கூன். 1941 டிசம்பர் 23. காலை பத்து மணி கடந்திருந்தது. முதலில் தேனீக் கூட்டம்போல் ஓர் இரைச்சல். பிறகு நீண்ட சீழ்க்கை. பிறகு தரை அதிர்கிறது. அதுவரை தெருவில் நின்று ஜப்பான் விமானங்களை அண்ணாந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உள்ள ஓடுங்க! படுங்க, கீழ படுங்க!"

கத்தியவர் மச்சான். என் அக்கா ஹலீமாவின் கணவர். அக்காவும் நானும் படுத்தோம். அம்மா படுக்கவில்லை. அம்மாவுக்குக் காது மந்தம்.

எனக்குப் பதினான்கு வயது. அக்கா ஐந்து மாதக் கர்ப்பிணி. புரோம்வரை வண்டி. அதன்பின் தவுங்குப் கணவாயில் நடை. வழியெங்கும் வாந்திபேதி. எட்டாம் நாள் அக்கா விழுகிறாள். ஒரு தேக்கு மரத்தடியில் கிடத்துகிறோம். எங்களிடம் இருந்தது ஒரே செம்பு. விளிம்பு நசுங்கியது.

"தண்ணி கொண்டாறேன். எங்கயும் போயிடாதீங்க!"

செம்புடன் மச்சான் சரிவில் இறங்கினார். நாங்கள் எங்கும் போகவில்லை.

அக்கா கதைப் பைத்தியம். மூட்டையில் அரிசிக்கடியில் ஒரு நாவல் வைத்திருந்தாள். மரத்தடியில் காத்திருந்த இரண்டாம் நாள், அதன் முடிவைப் படிக்கச் சொன்னாள். கதாநாயகன் திரும்பி வருவதாக முடிந்திருந்தது. படித்தேன். அக்கா நம்பினாள். பனியில் நனைத்த என் தாவணி முனையைச் சப்பிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் விடியலில் சப்புவது நின்றது.

தவுங்குப் படகுத்துறையில் மச்சானைக் கண்டேன். கையில் செம்பு. அவரும் என்னைக் கண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். படகு நகர்ந்தது.

இனி, உங்கள் கையிலுள்ள இத்தொகுப்புக்கு வருகிறேன்.

இத்தொடர்கதை 1964இல் ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. பத்தொன்பதாம் அத்தியாயத்தை இப்போதுதான் படித்து முடித்திருப்பீர்கள். கதாநாயகன் மனைவியை மூன்று நாள் தோளில் சுமக்கிறான். விளிம்பு நசுங்கிய செம்பில் நீர் கொணர்ந்து, தன் உள்ளங்கையில் ஊற்றிப் புகட்டுகிறான். அவள் புன்னகையுடன் இறக்கிறாள்.

அந்த விளிம்பை அறிந்தவர்களில் உயிரோடிருப்பவர் இருவரே. கடைசி வாரம் ஆசிரியரின் படமும் வெளியாயிற்று. புனைபெயருக்கு மேலே மச்சானின் முகம். சிதம்பரத்தில் வசிக்கிறாராம்.

வாசகர் கடிதங்கள் குவிந்தன. அந்த உள்ளங்கை நீரை எண்ணி இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்று நெல்லிக்குப்பத்து வாசகி ஒருத்தி எழுதியிருந்தாள். செம்மண்டலத்தில் என் பக்கத்து வீட்டு மல்லிகா கண்ணைத் துடைத்தபடி வந்தாள்.

"இன்னா லவ்வுக்கா அது! எங்க வூட்டுக்காரரு ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுப்பாரா? அந்த மாதிரி ஒருத்தரு கெடைக்கணும்."

"கெடைச்சா செத்துடுவே."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பத்திரிகைக்கு நானும் கடிதம் எழுதினேன். வெளியிடவில்லை. ஆகவே, எல்லோரையும்போல் வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்தேன். பைண்டிங் கடையில் கொடுத்தபோது இத்தாள்களையும் இந்த இடத்தில் வைத்தேன்.

"இன்னா டீச்சரம்மா, நடுவுல கையெழுத்துத் தாளா இருக்குது? இது கதையில வரலியே?"

"விட்டுப்போனது பாய். சேத்துத் தைங்க."

இரவல் கேட்ட எவருக்கும் நான் இல்லை என்றதில்லை. சிதம்பரத்தில் மச்சான் வீட்டுப் பெண்களே ஆள் அனுப்பிக் கேட்டார்கள். என்னை இன்னாரென்று அறியாமல்தான். கொடுத்தனுப்பினேன். ஒரு மாதம் கழித்துத் தொகுப்பு திரும்பியது. என் தாள்கள் மட்டும் இல்லை. தையல் நூலில் கிழிசல்கள் ஒட்டியிருந்தன.

படித்துவிட்டார். அன்று வயிறார உண்டேன்.

இது இரண்டாம் படி. கிழித்தால் மூன்றாவதும் உண்டு. எனக்குப் பொறுமை அதிகம்.

முந்தைய பக்கத்தின் ஓரத்தில் உங்களில் சிலர் 'அற்புதம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அழிக்க வேண்டாம். அதன் கீழே இதையும் எழுதிவையுங்கள்.

அம்மா. ஹலீமா. அவள் வயிற்றில் ஒன்று, பெயரில்லை. ஒரு நாவல், அவளோடு புதைத்தேன். ஒரு செம்பு. மச்சான் இந்தக் கணக்கில் இல்லை. அவர் நலமாக இருக்கிறார்.