சுழி போடும் மஞ்சள்

மஞ்சள் மைதான் மேடம் கஷ்டம். நீலமும் சிவப்பும் எந்தத் தாளிலும் நிற்கும். மஞ்சள் நீர்த்தால் கண்ணுக்கே தெரியாது. கெட்டியானால் தூரிகையில் திரண்டுகொள்ளும். எனக்குச் சரியான மஞ்சள் கிடைக்க ஒரு மழைக்காலம் ஆயிற்று.

நான் பி.எஸ்சி. வேதியியல். காரியாபட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து அருப்புக்கோட்டையில் மாதவன் அண்ணன் கடையில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகையைக் கையால் எழுதித் தரும் கடை. ஊருக்கெல்லாம் அச்சடித்தது போகும். சாமிக்கும் தாய்மாமனுக்கும் சம்பந்திக்கும் மட்டும் நாங்கள் எழுதியது. நெசவுக்காரக் குடும்பங்கள் கல்யாணச் சேலையின் நூலைக் கொண்டுவந்து வைத்து, அதே நிறத்தில் மை கேட்பார்கள். நான் கலந்து, அட்டைத் துண்டுகளில் கோடு இழுத்து, காயவிட்டு, வெயிலில் கொண்டுபோய்ப் பார்ப்பேன். எழுத்தும் என்னுடையதுதான். கொம்புகளும் சுழிவுகளும் நானே வரைந்து வரைந்து கண்டுபிடித்தவை. பத்திரிகையின் அடியில் 'மாதவன் கைவண்ணம்' என்று இருக்கும். அதையும் நான்தான் எழுதுவேன்.

அவர் செய்தது ஒன்றுதான். எழுதி முடித்த பத்திரிகையின் உச்சியில் மஞ்சளில் பிள்ளையார் சுழி போடுவார். ஒவ்வொரு சுழிக்கும் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குவார். மஞ்சள் கிண்ணத்தை வேறு யாரும் தொடக் கூடாது. "சுழி மட்டும் நம்ம கையிதான். ராசியான கையி," என்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், "அண்ணே, மைய வாயில வைக்காதீக," என்றேன்.

அவர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். "ஏலே சோலை, கேட்டியா? கெமிஸ்ட்ரி டீச்சரம்மா வாயத் தொறந்துட்டாக. இன்னைக்கு மழைதான்."

இருவரும் சிரித்தார்கள். நான் சொன்னேன் என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐப்பசியில் மதுரையிலிருந்து ஒரு பெண் வீடியோ எடுக்க வந்தாள். அன்று காலை நான் எழுதிய பத்திரிகையைத் தூக்கிப் பிடித்து, யார் எழுத்து என்று கேட்டாள்.

"நம்ம கையிதாங்க."

"அவங்க?" என்று என்னைக் காட்டினாள்.

"அதுவா. மை கரைக்கிற பிள்ள. அதுக்குப் பேச்சு வராது."

நான் எழுந்தேன். போய்க் கிண்ணங்களைக் கழுவினேன். அந்த வீடியோவை எங்கள் தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். என் அம்மாவும் பார்த்தாள். அது, அதுக்கு என்று அவர் சொல்வது தெளிவாகக் கேட்கிறது.

அதன்பிறகுதான் புது மஞ்சளைத் தேடினேன். ஈயம் சேர்ந்த பொடி. வாங்கிய இடத்தை முன்பே சொல்லிவிட்டேன். கோழிக்குஞ்சின் நிறம், ஒரே தீட்டலில் தாளில் நின்றது. "இதாம்மா மஞ்ச," என்றார் அண்ணன். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான்.

அவருடைய உயிர் எனக்கு வேண்டாம். ஈயம் உடம்பில் சேர்ந்தால் மணிக்கட்டு தொங்கிவிடும் என்று படித்திருந்தேன். அந்தக் கைதான் எனக்கு வேண்டும். தையில் நிறைய முகூர்த்தம், நிறையச் சுழி. வயிற்றுவலி என்று சோடா குடித்தார். பிறகு ஈறில் நீலக் கோடு வந்தது. அவர் சிரிக்கும்போதெல்லாம் பார்ப்பேன். கலக்காமலே எனக்குக் கிடைத்த நீலம். பங்குனிக் கடைசியில் தூரிகை நழுவி விழுந்தது. எடுக்கப் போனார். மணிக்கட்டு நிமிரவில்லை.

இனி கிண்ணம் என்னிடம் வரும், வேறு மஞ்சள் கலந்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தது. தன் மகள் ஸ்ருதியைச் சுழி போட அழைத்துவந்தார். இரண்டாம் வகுப்பு. பத்திரிகை வாங்க வந்தவர்களுக்கும் சந்தோஷம். "பொம்பளப் பிள்ள கையி. லட்சுமியே வந்து போட்ட மாதிரி," என்றார்கள். ஸ்ருதி அப்பா மடியில் உட்கார்ந்து மஞ்சளைத் தொட்டாள். அவரைப் போலவே உதட்டில் வைத்துக் கூராக்கினாள். சுழி கொஞ்சம் கோணலாக வந்தது.

"அக்கா, நல்லாருக்கா?"

தலையாட்டினேன்.

சித்திரையும் வைகாசியும் அவள்தான் போட்டாள். பழைய மஞ்சளையே திரும்ப வைத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். நிறம் மாறினால் அவருக்குத் தெரிந்துவிடும் மேடம். நிறம் பார்க்கத் தெரியாதவர் இல்லை.

ஆனியில் அவளுக்கு வலிப்பு வந்தது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் டாக்டருக்கே ஈயம் என்று தெரிந்தது. அவள் கண் திறக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நானும் மாலை வாங்கிப் போனேன். அவரால் பிள்ளையைத் தூக்க முடியவில்லை. வேறு ஆட்கள்தான் தூக்கினார்கள்.

மஞ்சளைச் செய்தது நான். அவருக்காகச் செய்தேன். அவள் வாயில் வைப்பதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து எழுதினேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மையை வாயில் வைக்கக் கூடாது என்று அவளுடைய அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். பிள்ளைக்கு அவரல்லவா எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். நானாகப் போய் யாரிடமும் பேசமாட்டேன் மேடம். எனக்குக் கூச்சம்.