மொத்தமாக வாங்கினால் மலிவு

— உன்னோட கடைக் கார்டையும் குடு. என்னோடது என் கையிலயே இருக்கு. ரெண்டையும் நானே நீட்டறேன்.

— அப்பா, நமக்கு முன்னாடி இன்னும் ஆறு பேர் நிக்கறாங்க. இப்பவே கையை நீட்டிக்கிட்டு நின்னா வலிக்கும்.

— கீலுங் துறைமுகத்துல நாப்பது வருஷம் சோயா மூட்டை தூக்கின கைடா. ரெண்டு அட்டையைப் பிடிச்சா வலிச்சிருமா? பேச்சை மாத்தாதே, போ-செங். கார்டைத் திருப்பிக் குடுத்தா சந்தாவை முழுசாத் தருவாங்கன்னு நீதானே சொன்னே?

— தருவாங்கப்பா. ஏன் திருப்பணும்னுதான் கேக்கறேன். கணக்குப் பாத்தா நமக்கு லாபம்தான். முட்டை ஒண்ணுக்கு ரெண்டு யுவான் கம்மி. பால் லிட்டருக்குப் பதினஞ்சு கம்மி.

— நான் சொல்றேன் கேளு. பால் கேன் ரெண்டை ஒண்ணா ஒட்டித்தானே விக்கறான்? ஒண்ணைக் குடிக்கறோம். இன்னொண்ணு திரிஞ்சு போயி தொட்டியில ஊத்தறோம். ஊத்தினது லிட்டர் என்ன விலைன்னு என்னிக்காவது பாத்தியா?

— அதுல கேக் பண்ணலாம்னு மெய்-ஜு சொன்னா.

— பண்ணினாளா?

— வேலைக்குப் போறவளுக்கு நேரம் எங்கப்பா கிடைக்குது?

— அந்தப் பன்னு இருக்கே, ஒவ்வொண்ணும் என் முட்டி அளவு, பன்னண்டு. மேல இருக்கற சாக்லேட்டை உன் பொண்ணு ஷிங்-யூ நோண்டித் தின்னுட்டு ஓடிப்போயிடறா. மிச்சம் யார் தட்டுக்கு வருது? எனக்குக் காலையில கஞ்சியும் உப்பு முள்ளங்கியும் போதும்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்? 'வீணாப் போகுது மாமா, சாப்பிட்டுருங்க'ங்கறா உன் பொண்டாட்டி. அந்த வீட்டுல கெட்டுப்போகப் போற அத்தனையும் கடைசியில என் வாயிலதான் வந்து விழுது.

— மெதுவாப் பேசுங்க. முன்னாடி நிக்கற அம்மா திரும்பிப் பாக்கறாங்க.

— பாக்கட்டும். அவ வண்டியையும் பாரு. மயோனைஸ் வாளி. அதுல சுவத்துக்கு வெள்ளையடிக்கப் போறாளா?

— அப்பா!

— ஏழாம் மாசப் படையலுக்கு வேணா இங்க வந்து பெட்டி பெட்டியா வாங்கலாம், ஒத்துக்கறேன். செத்தவங்க கூட்டமா வருவாங்க, பசியோட வருவாங்க, ஒரு ஆளைக்கூட விட முடியாது. நாம நாலு பேருடா. அதுல ஒண்ணு எட்டு வயசு, இன்னொண்ணு பல்லில்லாத கிழம்.

— சரிப்பா. விடுங்க. நீங்க சொல்றபடியே ஆகட்டும்னுதானே கூட்டிட்டு வந்திருக்கேன்.

— அதான் எனக்கு இடிக்குது. நீ இவ்வளவு சுலபமா சரின்னு சொல்ற ஆளில்லையே. போன மாசம் ஆஸ்பத்திரிக்குக் கூட வாடான்னு கெஞ்சினேன், லீவு இல்லேன்னே. இன்னிக்கு வியாழக்கிழமை, கடைக்கு வர லீவு கிடைச்சிருக்கு.

— அன்னிக்கு ஆபீஸ்ல ஆடிட். அதுக்கு அப்புறம் கேட்டேனே, டாக்டர் என்ன சொன்னார்னு? மாத்திரை குடுத்தாருன்னு நீங்கதான் சொன்னீங்க.

— குடுத்தாரு. பெரிய டப்பா. அங்கயும் மொத்தமாத்தான் குடுக்கறாங்க.

— அப்புறம் என்னப்பா?

— ஒண்ணுமில்ல. முன்னாடி நகரு. ஆமா, திருப்பிக் குடுக்க முந்திரி டப்பாவை எடுக்கறப்போ டிக்கியில என் போர்வையைப் பாத்தேன். அது அங்க எதுக்கு?

— சலவைக்குப் போடலாம்னு.

— கீலுங்ல சலவைக் கடை செத்துப் போச்சா?

— இந்தப் பக்கம் மலிவுப்பா.

— மலிவு. ம். என் செருப்புமா சலவைக்கு?

— மெய்-ஜு ஏதாவது சேத்து வெச்சிருப்பா. எனக்குத் தெரியல.

— உனக்கு எதுதான் தெரியும்? என் கட்டிலைச் சுத்தி என்ன இருக்குன்னு தெரியுமா? டிஷ்யூ எண்பத்துநாலு சுருள். தண்ணி பாட்டில் நாலு கட்டு. சோப்புத்தூள் டப்பா மேல என் பல்செட்டை வைக்கறேன். கால்மாட்டுல நாய்த் தீனி அரை மூட்டை. நாய் செத்து ரெண்டு வருஷமாச்சுடா. அதோட பசியையும் சேத்து வாங்கி வெச்சுட்டு நிக்கறோம்.

— யாருக்காவது குடுத்துடலாம்னு இருந்தேன்.

— ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்தா ஒருக்களிச்சு, ஒருக்களிச்சு, நண்டு மாதிரி போறேன். போன வாரம் சமையக்கட்டுல மெய்-ஜு உன்கிட்ட சொன்னதை நான் கேட்டேன்.

— என்ன கேட்டீங்க?

— ஏன் முகம் வெளுக்குது? நல்லதைத்தான் சொன்னா. 'வீட்டுல இடமே இல்ல, எதையாவது வெளியேத்தியே ஆகணும்'னா. அவ வாயிலேர்ந்து வந்த ஒரே நியாயமான பேச்சு அதுதான். அன்னிக்கே முடிவு பண்ணினேன். கார்டு போனா பெட்டி வராது. பெட்டி வரலேன்னா என் அறை அறையா இருக்கும். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்குவேன். படுத்த வாக்குல கப்பல் தெரியும். எனக்கு அது போதும்டா. வேற எதுவும் நான் கேக்கல.

— அப்பா, நான் சொல்ல வந்தது...

— அடுத்தவங்க வாங்க! வணக்கம் ஐயா. காத்திருக்க வெச்சதுக்கு மன்னிக்கணும். எதைத் திருப்பித் தரணும்?

— இந்த முந்திரி, பொண்ணே. மேல பாதியைத் தின்னுட்டோம். கீழ பாதியில பச்சையாப் பூஞ்சை.

— எப்படி வெச்சிருந்தீங்க ஐயா?

— கீலுங்ல வெச்சிருந்தோம். அங்க மழை விட்டாத்தான் செய்தி. பூஞ்சை புடிக்காம என்ன பண்ணும்?

— பரவாயில்ல ஐயா. முழுப் பணமும் திருப்பிடறோம்.

— முழுப் பணமா? பாதியைத் தின்னாச்சுங்கறேன்.

— பாதி சாப்பிட்டிருந்தாலும், உங்களுக்குத் திருப்தி இல்லேன்னா முழுசாத் தருவோம் ஐயா. எங்க கடை வழக்கம்.

— அப்போ நான் தின்ன பாதிக்கு யார் பணம் கட்டறாங்க? சிரிக்காதே பொண்ணே. பின்னாடி நிக்குதே இந்தக் கூட்டம், இதுங்கதான் சந்தாவாக் கட்டுதுங்க. போ-செங், கேட்டுக்க. சும்மா எவனும் எதையும் திருப்பித் தர மாட்டான்.

— விடுங்கப்பா. நகருங்க, நான் பேசறேன்.

— நீ ஒதுங்கு. இந்தா பொண்ணே, ரெண்டு கார்டு. எங்களுக்கு வேண்டாம். சந்தாவைக் குடு, நாங்க போயிடறோம்.

— சரிங்க ஐயா... ஒரு நிமிஷம். மகனோட கார்டு சரியா இருக்கு. உங்க கார்டு இப்போ செல்லாது ஐயா.

— எப்படிச் செல்லாது? பின்னாடி பாரு, என் மூஞ்சிதானே? போன மாசம் இதைக் காட்டித்தான் உள்ள வந்தேன்.

— இது துணைக் கார்டு ஐயா. முதல் கார்டுகாரரோட ஒரே விலாசத்துல குடியிருக்கறவங்க ஒருத்தருக்குத்தான் குடுப்போம். போன செவ்வாய்க்கிழமை பேரை மாத்தியிருக்காங்க.

— யார் பேருக்கு?

— காவ் லி-ஜூன்னு இருக்கு.

— அது என் சம்பந்தி. யீலான்ல பூண்டு போட்டுக்கிட்டு இருக்கா. அவ எங்க ஒரே விலாசம்?

— இங்க கீலுங் விலாசம்தான் பதிஞ்சிருக்கு ஐயா. நாலாவது மாடி.

— நாலாவது மாடியில நான் இருக்கேன் பொண்ணே. இன்னிக்குக் காலையில அங்கதான் கஞ்சி குடிச்சேன்.

— அப்பா, கொஞ்சம் ஓரமா வாங்க.

— ஏன் ஓரமா? இங்கயே சொல்லு. இந்தப் பொண்ணோட கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியக் கூடாதா?

— மலைக்கு அந்தப் பக்கம் ஒரு இல்லம் இருக்குப்பா. போய்ப் பாத்துட்டு வந்தோம். சுத்தமா இருக்கு. நர்ஸ் ராத்திரியும் இருக்காங்க. உங்க வயசுக்காரங்க நெறையப் பேர்.

— எப்போ?

— சாயங்காலம் நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க.

— இன்னிக்கு.

— ம்.

— அப்போ போர்வை சலவைக்கு இல்ல.

— வீட்டுல வெச்சு எப்படிச் சொல்றதுன்னு தெரியலப்பா. குழந்தை முன்னாடி... கடைக்கு வந்துட்டு, நீங்க கேட்டபடி கார்டையும் திருப்பிட்டு, போற வழியில சொல்லலாம்னு...

— எதையாவது வெளியேத்தியே ஆகணும்னா. நான் டிஷ்யூன்னு நெனச்சேன்.

— மெய்-ஜுவோட அம்மாவுக்கு யீலான்ல துணைக்கு ஆளில்ல. வந்தா சமைப்பாங்க, ஷிங்-யூவைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து கூட்டிட்டு வருவாங்க.

— இத்தனை நாள் அவளை யார் கூட்டிட்டு வந்தா?

— உங்களால நாலு மாடி ஏற முடியலையேப்பா. ரெண்டாவது மாடியிலயே நின்னு மூச்சு வாங்கறீங்க. கீழ் வீட்டுக்காரர் என்கிட்டயே சொல்லிட்டார்.

— கையில தண்ணி பாட்டில் கட்டு இருந்துச்சுன்னு அவர் சொல்லலையா?

— ஐயா, மன்னிக்கணும். சந்தாவைத் திருப்பணுமா, வேண்டாமா? பின்னாடி ஆள் நிக்கறாங்க.

— இரு பொண்ணே. எம்புள்ளை கணக்கு சொல்லட்டும். மாசம் எவ்வளவு அந்த இடம்?

— இப்ப எதுக்குப்பா அது?

— முட்டைக்கு ரெண்டு யுவான் கம்மின்னு முக்கா மணி நேரம் கார் ஓட்டிட்டு வர்றவன் நீ. விலை கேக்காமலா வாங்கியிருப்பே?

— மாசாமாசம் கட்டினா முப்பத்தி நாலாயிரம். நாங்க அப்படிக் கட்டல.

— பின்ன?

— மொத்தமாக் கட்டினா மலிவுன்னாங்க. மூணு வருஷத்துக்குச் சேத்துக் கட்டினா அஞ்சு மாசம் இலவசம். கணக்குப் பாத்தா...

— அவ்வளவு பணம் ஏது?

— பாங்க்ல கடன். முன்பணம் மட்டும் மெய்-ஜு குடுத்தா. இந்தக் கடைக்கு வர்றப்போல்லாம் மிச்சமாகறதைத் தனியா ஒரு கணக்குல போட்டுக்கிட்டு வந்திருக்கா. ஏழு வருஷமா.

— அப்போ மிச்சமாயிருக்கு.

— ஆமாப்பா.

— நான்தான் நம்பல.

— அப்பா, அழாதீங்க. எல்லாரும் பாக்கறாங்க.

— எவன்டா அழறான்? இந்தக் கடையில ஏசி ஜாஸ்தி. ஒண்ணு சொல்லு. நடுவுல வேண்டாம்னா அந்த இல்லத்துல மீதியைத் திருப்பித் தருவாங்களா? இந்தப் பொண்ணு தர்ற மாதிரி?

— அது கிடையாதுப்பா. அதனாலதான் அந்த விலைக்குக் கிடைச்சுது.

— கையெழுத்துப் போட்டாச்சா?

— போட்டாச்சு.

— ஐயா, உக்கார நாற்காலி ஏதாவது கொண்டுவரச் சொல்லட்டுமா?

— வேண்டாம் பொண்ணே. என் கார்டைக் குப்பையில போடு. அவன் கார்டை அவன்கிட்டயே குடு, வீட்டுக்குப் புதுசா ஆள் வருது, தேவைப்படும். போ-செங், மூணு வருஷத்துக்கா கட்டினே? அன்னிக்கு டாக்டர் முன்னாடி என் பக்கத்துல நீ உக்காந்திருந்தா, இவ்வளவு வாங்கியிருக்க மாட்டேடா.