அணையுற லைட்டு

தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு எலக்ட்ரிக்கல் கடை. ஃபியூஸ் போன பல்புக்கு மாற்று வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர், தோளில் தாம்புக்கயிறு. கிணற்றில் யாராவது விழுந்தால் இறங்கித் தூக்குபவர் என்பது பேச்சில் தெரிந்தது. நெற்றியில் மாட்டும் எல்.இ.டி. லைட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சார், அணையுற லைட்டு எதுனா கீதா?"

கடைக்காரர் சிரித்தார். "எல்லாரும் அணையாததைத்தான் கேப்பாங்க. இது தண்ணில முங்கினாலும் எரியும்."

"அதான் சார் பேஜாரே. முன்னல்லாம் அரிக்கேன் விளக்க கயித்துல கட்டி கெணத்துக்குள்ள வுடுவோம். அணைஞ்சா உள்ள காத்து கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், ஒருத்தனும் எறங்க மாட்டான். போன வாரம் படப்பைல என் தம்பி, புதுசா வாங்கின இந்த லைட்ட கட்டி வுட்டுப் பாத்தான். ஜம்முனு எரிஞ்சுது. நெத்தில மாட்டிகினு எறங்கிட்டான்."

கடைக்காரர் லைட்டுப் பெட்டியை மூடாமல் கேட்டார், "அப்புறம்?"

"தூக்கிப் பாத்தா மூச்சு இல்ல சார். நெத்தில லைட்டு மட்டும் எரிஞ்சிகினே இருந்துச்சு."